ஸ்டெஃபான் கிராப்பெல்லி: ஜாஸ் வயலின் கலைஞரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் பதிவுகளை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், கேட்டு முடித்த கையோடு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வயலின் பயிலும் மாணவர்கள், கச்சேரி ரசிகர்கள், பழைய மேற்கத்திய இசையில் நாட்டம் உள்ளவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சற்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டியவை பின்னால் வருகின்றன.

யார் இந்த கிராப்பெல்லி? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1908 ஜனவரி 26 அன்று பாரிஸில் பிறந்து, 1997 டிசம்பர் 1 அன்று அதே நகரில் மறைந்த வயலின் கலைஞர். கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் அவரும் முன்னின்று 1934-ல் தொடங்கிய ஐவர் குழு, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்து வளர்ந்த ஜாஸ் இசைக்கு ஐரோப்பாவில் தனியொரு பாணியை உண்டாக்கியது. ஜாஸ் வரலாறு எழுதுபவர்கள் யாரும் அந்தக் குழுவைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆனால் பெரும்பாலோர் கிராப்பெல்லியை அந்த ஐந்தாண்டுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். குழு 1939-ல் பிரிந்த பிறகும் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். அவருடைய மிகச் சிறந்த வாசிப்புகளில் பல அறுபது வயதைக் கடந்த பிறகு வந்தவை என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்தத் தொகுப்பில் பிற்காலத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஜாஸ் என்றாலே டிரம்பெட், சாக்ஸபோன்தானே? வயலினுக்கு அங்கே என்ன வேலை?

வேலை தொடக்கத்திலிருந்தே இருந்தது. கேட்கவைப்பதுதான் சிரமமாக இருந்தது. டிரம்பெட்டும் டிராம்போனும் டிரம்ஸும் முழங்கும் குழுவில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், வயலின் ஒலி எளிதில் அமுங்கிவிடும். இந்தச் சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஜோ வெனுட்டி 1920-களிலேயே கிதார் கலைஞர் எடி லாங்குடன் சேர்ந்து சிறு குழுவாக வாசித்தார். இரண்டும் தந்தி வாத்தியங்கள் என்பதால் ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. ஸ்டஃப் ஸ்மித் 1930-களில் வயலினுக்கு மின்சார ஒலிபெருக்கியைப் பொருத்திக்கொண்டார். கிராப்பெல்லி கண்ட வழி, டிரம்ஸே இல்லாத குழு. அதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி வருகிறது.

வயலினை யாரிடம் கற்றுக்கொண்டார்?

பெரும்பகுதி தானாகவே கற்றுக்கொண்டார். தந்தை எர்னெஸ்டோ இத்தாலியர், படிப்பாளி, தாய் பிரெஞ்சுக்காரர். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். தந்தை தனியாக வளர்க்க முடியாமல், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் பள்ளியில் ஆறு வயதுச் சிறுவனைச் சேர்த்தார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. தந்தை இத்தாலியப் படைக்குப் போக, பள்ளிக் கட்டடம் மருத்துவமனையாக மாற, சிறுவன் அநாதை இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே தரையில் படுத்ததையும் பட்டினி கிடந்ததையும் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

போர் முடிந்து திரும்பிய தந்தை, பன்னிரண்டு வயது மகனுக்காகத் தம்முடைய கோட்டு சூட்டை அடகு வைத்து, முக்கால் அளவுள்ள ஒரு வயலினை வாங்கிக் கொடுத்தார். ஆசிரியர் வைக்கப் பணம் இல்லை. தெருவிலும் கடை வாசலிலும் வாசிப்பவர்களின் விரல்களையும் வில்லையும் உற்றுப் பார்த்தே பையன் அடிப்படைகளைப் பிடித்துக்கொண்டான். பிறகு 1920-ன் இறுதியில் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்து, ஸ்வரக்குறிப்பு படிப்பதையும் இசை இலக்கணத்தையும் 1923 வரை பயின்றார். அதே ஆண்டுகளில் வீட்டு முற்றங்களிலும் தெருக்களிலும் வாசித்துக் காசு சேர்த்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குப் போனபோது, பதினைந்து வயதுப் பையன் உடன் போக மறுத்துப் பாரிஸிலேயே தங்கிவிட்டான்.

அவர் பியானோ வாசிப்பவர் என்றும் சிலர் சொல்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரி. பேசாத் திரைப்படங்கள் ஓடிய காலத்தில் திரையரங்குகளில் பின்னணி இசை வாசித்து அவர் பிழைத்தார். பியானோவுக்குக் கூலி கூடுதலாகக் கிடைத்ததால் அதில் தீவிரமாக இறங்கினார். 1920-களின் இறுதியில் கிரெகோர் என்பவர் நடத்திய பெரிய நடன இசைக்குழுவில் அவர் சேர்ந்ததும் பியானோ கலைஞராகத்தான். அவர் வயலினும் வாசிப்பார் என்று தெரிந்ததும், மீண்டும் வில்லைக் கையில் எடுக்கச் சொன்னவர் அந்த கிரெகோர்.

அந்தப் பியானோ ஆண்டுகள் வீண் போகவில்லை. வயலின் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தை எழுப்பும் வாத்தியம். பியானோவில் ஒரு பாட்டின் கார்டுகள், அதாவது மெட்டுக்கு அடியில் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், அனைத்தும் பத்து விரல்களின் கீழ் தெரியும். கிராப்பெல்லியின் வயலினில் எந்தக் கார்டு மாற்றத்திலும் தடுமாற்றம் தெரியாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம். பியானோ மேதை ஆர்ட் டேட்டமை வாழ்நாள் முழுவதும் போற்றிய அவர், தம் கச்சேரிகளில் திடீரென்று வயலினை வைத்துவிட்டுப் பியானோவில் அமர்வதும் உண்டு.

ஜாங்கோவை எங்கே, எப்படிச் சந்தித்தார்?

ஜாங்கோ ரைன்ஹார்ட் 1910-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். ஊர் ஊராகக் குதிரை வண்டிகளில் சென்று வாழ்ந்த மனுஷ் ரோமா மக்களைச் சேர்ந்தவர். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. எஞ்சிய இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே புதியதொரு வாசிப்பு முறையை உருவாக்கினார். 1930-களின் தொடக்கத்தில் மோன்பர்னாஸ் பகுதியில் கிராப்பெல்லி வாசித்துக்கொண்டிருந்த ஓர் இரவு விடுதிக்கு அவர் வந்து பேசியதுதான் முதல் அறிமுகம்.

இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது 1934-ல், ஷான்ஸ்-எலிசே சாலையில் இருந்த கிளாரிட்ஜ் ஹோட்டலில். மாலைத் தேநீர் நடன நிகழ்ச்சிக்காக லூயி வோலா நடத்திய குழுவில் இருவருமே வேலை பார்த்தார்கள். கிராப்பெல்லி சொன்ன கதை இது: ஒரு நாள் அவருடைய வயலினில் தந்தி அறுந்தது. புதுத் தந்தியைப் போட்டுச் சுருதி சேர்ப்பதற்காக, இடைவேளையில் மேடைக்குப் பின்னால் மெல்ல ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஜாங்கோ கிதாரில் சேர்ந்துகொண்டார். அந்த வாசிப்பு பிடித்துப்போய், அதன் பிறகு இடைவேளைதோறும் அது தொடர்ந்தது. ஜாங்கோவின் தம்பி ஜோசஃப் இரண்டாவது கிதாருடனும், வோலா டபிள் பாஸ் என்ற, ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியத்துடனும் வந்து சேர்ந்தார்கள். பிறகு ரோஜே ஷாப்பு மூன்றாவது கிதாரானார். பாரிஸ் ஜாஸ் ரசிகர்களின் அமைப்பான ஹாட் கிளப் இவர்களை ஏற்றுக்கொண்டு மேடையேற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் இசைத்தட்டுகள் பதிவாயின.

டிரம்ஸே இல்லாமல் தாளம் எப்படி நின்றது?

இரண்டு கிதார்களும் பாஸும் சேர்ந்து டிரம்ஸின் வேலையைச் செய்தன. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒவ்வொரு சுற்றிலும், முதல், மூன்றாம் எண்ணிக்கைகளில் கிதார் கலைஞர் கார்டை அடக்கமாக மீட்டுவார். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஓங்கி அடித்து, அடித்த மறுகணமே இடக்கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிடுவார். அந்த வெட்டுதான் டிரம்ஸில் கேட்கும் சுருக்கான ஒலியைத் தருகிறது. இந்த முறைக்குப் பிரெஞ்சு மொழியில் 'லா போம்ப்' என்று பெயர். இன்றும் ஜாங்கோ பாணியில் வாசிக்க விரும்பும் எவரும் முதலில் இதைத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது.

உலோகத் தாளங்களின் இரைச்சல் இல்லாததால் வயலினின் மெல்லிய அசைவுகள்கூட இசைத்தட்டில் பதிந்தன. கிராப்பெல்லி வில்லை அழுத்தி ஒலியைப் பெருக்க வேண்டிய தேவையே எழவில்லை. அவருடைய லேசான வில் இந்தச் சூழலில்தான் பக்குவப்பட்டது.

ஜாங்கோவுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்தானே அவர்?

இதை ஒப்புக்கொள்ள முடியாது. இசைத்தட்டுகளின் மேல் ஜாங்கோவின் பெயர் முன்னால் வந்தது உண்மை. புதுமையில் ஜாங்கோ ஓர் அதிசயம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பதிவுகளில் பாட்டின் மெட்டை எடுத்து நடத்துவது பெரும்பாலும் வயலின். ஜாங்கோ ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்; குழுவில் இசை இலக்கணம் கற்ற கை கிராப்பெல்லியுடையது. 1937-ல் பதிவான 'மைனர் ஸ்விங்' இருவர் பெயரிலும் அமைந்த படைப்பு.

குணத்தில் இருவரும் எதிரெதிர். ஜாங்கோ சொன்ன நேரத்துக்கு வராமலிருப்பதும் கச்சேரியையே மறந்துவிடுவதும் வழக்கம். சிறுவயதில் பட்டினி கிடந்த கிராப்பெல்லிக்கோ, ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடிப்பது உயிர்மூச்சு. இந்த உரசலைத் தாங்கிக்கொண்டு ஐந்தாண்டுகள் குழு நின்றதற்குக் காரணம், மேடையில் ஒருவர் தொடங்கியதை மற்றவர் கணப்பொழுதில் புரிந்துகொண்டதுதான்.

போர் வந்தபோது ஏன் பிரிந்தார்கள்? சண்டையா?

சண்டை இல்லை. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது குழு இங்கிலாந்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஜாங்கோ உடனே பாரிஸுக்குத் திரும்பினார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கினார். குண்டுவீச்சு நடந்த ஆண்டுகளிலும் அங்கே விடுதிகளில் வாசித்தார். பிறவியிலேயே பார்வையற்ற பியானோ கலைஞரும், பின்னாளில் அமெரிக்காவில் பெரும்புகழ் அடைந்தவருமான ஜார்ஜ் ஷியரிங் அப்போது இருபது வயதைக் கடந்துகொண்டிருந்த இளைஞர். அவர் கிராப்பெல்லியின் குழுவில் வாசித்துத் தேர்ந்தார்.

1946 ஜனவரியில் ஜாங்கோ லண்டனுக்கு வந்தபோது இருவரும் மறுபடி சேர்ந்து பதிவு செய்தார்கள். அவற்றில் ஒன்று பிரான்ஸின் தேசிய கீதத்தை ஜாஸாக மாற்றியது. ஆறாண்டுப் பிரிவுக்குப் பின் சந்தித்த இருவர் தம் நாட்டின் விடுதலையை எண்ணி வாசித்த வாசிப்பு அது. 1949-ல் ரோமில் இத்தாலியக் கலைஞர்களுடன் சேர்ந்து நிறையப் பாடல்களைப் பதிவு செய்ததே அவர்களின் கடைசிப் பெரிய கூட்டு முயற்சி. 1953 மே மாதம் ஜாங்கோ 43 வயதில் இறந்தார்.

ஜாங்கோ போன பிறகு கிராப்பெல்லி மறக்கப்பட்டுவிட்டாரா?

கிட்டத்தட்ட மறக்கப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். 1950-களில் ஜாஸின் போக்கு மாறியிருந்தது. வயலினைக் கேட்க ஆள் குறைவு. 1957-ல் ஸ்டஃப் ஸ்மித்துடன் ஒரு பதிவு, 1963-ல் அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் பாரிஸில் நடத்திய வயலின் பதிவில் ஓர் இடம், 1966-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நான்கு வயலின் கலைஞர்கள் கூடிய கச்சேரி என்று அங்கங்கே விளக்கு எரிந்தது. 1960-களின் பிற்பகுதியில் அவருக்கு நிரந்தர வருமானம் தந்தது பாரிஸ் ஹில்டன் ஹோட்டலின் உணவகம். சாப்பிட வந்தவர்களுக்காக, உலகின் ஒப்பற்ற வயலின் கலைஞர்களில் ஒருவர் இரவுதோறும் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

திருப்பம் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. பிரிட்டிஷ் கிதார் கலைஞர் டிஸ் டிஸ்லி, பியானோவையும் டிரம்ஸையும் விட்டுவிட்டுப் பழையபடி கிதார்களுடன் வாசிக்குமாறு அவரை வற்புறுத்தினார். 1973-ல் கேம்பிரிட்ஜ் நாட்டுப்புற இசை விழாவில், பேரப்பிள்ளைகள் வயதில் இருந்த கூட்டத்தின் முன் 65 வயதுக் கலைஞர் வாசித்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் கார்னகி அரங்கம். அதன் பிறகு சாகும்வரை அவருக்குக் கச்சேரிகளுக்குக் குறைவில்லை. கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தும் வாசித்தார்.

இவர் மேடையில் புனைவது நம் கல்பனாஸ்வரம் போலத்தானே?

மனோதர்மம் என்ற அளவில் ஒன்றுதான். நிற்கும் தரை வேறு. கர்நாடக இசையில் சுருதி மாறாமல் நிற்க, ஒரு ராகத்தின் எல்லைக்குள் கலைஞர் விரிக்கிறார். கமகம்தான் அங்கே உயிர். கிராப்பெல்லி வாசித்த ஜாஸில் காலடியில் உள்ள கார்டு ஓரிரு சுற்றுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான பாட்டுகளுக்கு 32 பார், அதாவது அப்படிப்பட்ட 32 சுற்றுகள், நீளம் உண்டு. முதலில் மெட்டை வாசித்துவிட்டு, அதே கார்டு வரிசையை முழுதாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய மெட்டைக் கட்ட வேண்டும். கார்டு மாறும் கணத்தில் அதற்குப் பொருந்தும் ஸ்வரத்தில் வந்து இறங்காவிட்டால் காதில் உறுத்தும். மேலே பியானோவைப் பற்றிச் சொன்னதன் முக்கியத்துவம் இங்கேதான் விளங்கும்.

யெஹுதி மெனுஹின் மேற்கத்திய செவ்வியல் வயலினில் அவ்வளவு பெரிய வித்வான். அவருக்கு இந்த மனோதர்மம் ஏன் கைவரவில்லை?

மெனுஹினே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். 1971-ல் பிபிசி தொலைக்காட்சியில் மைக்கேல் பார்க்கின்சன் நிகழ்ச்சிக்காக இருவரும் முதன்முதலில் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு 1970-களில் தொடர்ந்து பல ஆல்பங்கள் வெளிவந்தன. அவற்றில் மெனுஹினின் பகுதி முன்கூட்டியே எழுதித் தரப்பட்டது. கிராப்பெல்லி அந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்தார். எழுதிய இசையின் ஆழத்தைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவருக்கு, 55 வயதில் எழுதாததை வாசிக்கும் பழக்கம் வந்துவிடாது. இருவரையும் இசைத்தட்டில் பிரித்தறிவது எளிது: வில்லை முழுதாக இழுத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிரப்புபவர் மெனுஹின், தொட்டும் தொடாமலும் தாண்டிச் செல்பவர் கிராப்பெல்லி.

வேறு எந்த அடையாளங்களால் அவர் வாசிப்பைக் கண்டுபிடிக்கலாம்?

வில்லின் மேல்பாதியில்தான் பெரும்பாலும் வாசிப்பார். அதனால் ஒலி மிதந்து வரும். வேகமான பாட்டுகளில் எண்ணிக்கையின் மேல் வில்லைத் திருப்பாமல், இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே திருப்பி அடுத்த ஸ்வரத்தோடு இணைத்துவிடுவார். ஜாஸுக்கு உரிய அந்தத் துள்ளல் வயலினில் பிறப்பது இந்த வில் முறையால்தான். முக்கியமான ஸ்வரத்தைச் சற்றுக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு வந்து பிடிப்பார். தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு எழுப்பும் குழல் போன்ற ஒலியில் ஒரு வாக்கியத்தை முடிப்பார். மெதுவான பாட்டென்றால் தாளமின்றித் தொடங்கி, கிதார்கள் நுழையும்வரை கேட்பவரைக் காக்கவைப்பார்.

எல். சுப்ரமணியத்துடன் வாசித்தாராமே?

ஆம். சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த வயலின் கலைஞர் எல். சுப்ரமணியம், 1980-களில் கிராப்பெல்லியுடன் சேர்ந்து பதிவு செய்த 'கான்வர்சேஷன்ஸ்' என்ற ஆல்பம் இருக்கிறது. தோளில் வைத்துக் கற்றவரும், காலில் ஊன்றிக் கற்ற மரபிலிருந்து வந்தவரும் ஒரே பாட்டில் மாறி மாறி வாசிப்பதைக் கேட்கும்போது, கல்பனாஸ்வரம் பற்றிய பதிலில் சொன்ன வேறுபாடுகள் காதுக்கே தெளிவாகும்: ஒருவர் ஸ்வரத்தை அசைத்து அழகூட்டுகிறார், மற்றவர் கார்டுக்குக் கார்டு தாவுகிறார்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டில் அவர் வயலின் இருக்கிறது என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. 1975-ல் லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பிங்க் ஃபிளாய்ட் குழு 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, மெனுஹினும் கிராப்பெல்லியும் அதே கட்டடத்தில் வேறொரு பதிவில் இருந்தார்கள். அழைப்பை ஏற்று கிராப்பெல்லி தலைப்புப் பாட்டில் வாசித்தார். 300 பவுண்டு கிடைத்தது. வெளியான பாட்டில் அது காதில் விழாத அளவுக்குக் குறைக்கப்பட்டதால் பெயரும் போடவில்லை. அவர் வாசிப்பு முழுதாகக் கேட்கும் வடிவம் 2011-ல் வெளிவந்தது. அவர் இல்லாமல் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜாஸ் எவ்வளவோ மாறியும் அவர் மட்டும் 1930-களிலேயே நின்றுவிட்டார் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. அவர் கடைசிவரை விரும்பி வாசித்தவை அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் காலத்துப் பாட்டுகளே. மின்வயலின், ராக் தாளம் ஆகியவற்றின் பக்கம் அவர் அதிகம் போகவில்லை; அந்த வழியை அடுத்த தலைமுறையின் ழான்-லுக் பாந்தி எடுத்துக்கொண்டார்.

மறுபாதியைப் பதிவுகளே மறுக்கின்றன. அவர் சேர்ந்து வாசித்த, பின்வந்த தலைமுறைகளின் ஜாஸ் கலைஞர்களைப் பாருங்கள்: கேரி பர்ட்டன், ஆஸ்கர் பீட்டர்சன், மெக்காய் டைனர், மிஷேல் பெத்ருச்சியானி. இவர்களில் எவருடைய கார்டுகளும் 1934-ன் கார்டுகள் அல்ல. நவீன ஜாஸின் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் வாசித்த பியானோ கலைஞர் டைனருடன் 82 வயதில் இருவர் மட்டுமே அமர்ந்து ஒரு முழு ஆல்பம் பதிவு செய்பவரை, தேங்கி நின்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. புதியதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, தம் குரலை மாற்றாமல் அதற்குள் வாசித்தார்.

சரி, எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 1934 டிசம்பரில் பதிவான 'டைனா'. அடுத்து 1937-ன் 'மைனர் ஸ்விங்'. அதே ஆண்டில் எடி சவுத் என்ற அமெரிக்க வயலின் கலைஞருடன் செவ்வியல் இசையமைப்பாளர் பாஹின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவை ஜாஸாக வாசித்த பதிவையும் தேடிக் கேளுங்கள். செவ்வியல் பயிற்சி முழுதாக இருந்தும், கறுப்பினத்தவர் என்பதால் அந்த மேடைகள் எடி சவுத்துக்கு அடைபட்டிருந்தன என்பதை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டிய பதிவு அது. பிறகு 1970-களுக்குத் தாவி டிஸ் டிஸ்லி குழுவின் மேடைப் பதிவுகளுக்கு வாருங்கள். 1995-ல் பெத்ருச்சியானியுடன் வாசித்ததைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது அவருக்கு வயது 87.

'மைனர் ஸ்விங்'கை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை வயலினைத் தொடருங்கள். இரண்டாம் முறை வயலினை விட்டுவிட்டு, பின்னால் வெட்டி வெட்டி ஓடும் கிதார்களை மட்டும் கவனியுங்கள்.